நாற்பத்து நான்கு

பத்து பூத்தே.
தமிழ்க் காதுக்கு ஏதோ பூத்த மாதிரி இருக்கும்.
மலாயில் வெள்ளைக் கல், அவ்வளவுதான்.
மலையைப் பாதி தின்றாயிற்று.
மீதிப் பாதியில் குரங்குகளும்
வெடிக்கு முன்னால் ஊதும் சங்கும்.

நான் எடைமேடைக்காரி.
லோரி ஏறும், எண் துடித்து நிற்கும்,
ரசீதைக் கிழித்துச் சன்னல் வழி நீட்டுவேன்.
பதினோரு வருடம்.

நூறு டன் கல் சூளைக்குள் போனால்
ஐம்பத்தாறுதான் திரும்பி வரும்.
மிச்சம் நாற்பத்து நான்கை
எந்த லோரியும் ஏற்றிப் போனதில்லை.
முதல் மாதம், திருட்டு என்று
ரஸாலியிடம் புகார் சொன்னேன்.
அவர் புகைபோக்கியைக் காட்டிச் சிரித்தார்:
"அதோ போகிறது. ஓடிப்போய் ரசீது கொடு."

வெந்த கல் பார்க்கச் சாது.
கையில் எடுத்தால் ரொட்டி போல லேசு.
உள்ளே தாகம் மட்டும்.
ஷோஹாக்கின் கழுத்து வேர்வையை
அது குடித்த மத்தியானம்
காலருக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது.
வாளியோடு ஓடி வந்தவர்களிடம்
"முதலில் தூளைத் தட்டு, பிறகு ஊற்று, ஊற்றிக்கொண்டே இரு"
என்று கத்தியது நான்தான்.
வெற்றிலை அகலத்துக்கு வடு.
இப்போதும் வேலை முடிந்தால்
அதே சாமானை நகக்கண் அளவு தடவி
வெற்றிலை மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறான்.
அளவுதான் எல்லாம், அக்கா, என்கிறான்
சிவந்த வாயோடு.

செம்பனைத் தோட்டத்துக் கிராணி வருவார்:
மண் புளித்துவிட்டது, கல்மாவு பத்து டன்.
குடிதண்ணீர் நிலையத்து லோரி செவ்வாய்க்கிழமை.
கோழிப்பண்ணைக்காரர் முட்டை ஓட்டுக்காக.
சிமெண்டுக்குப் போவதை எண்ணி மாளாது.
ஆலத் தட்டுக்கு யாரும் லோரி அனுப்புவதில்லை.
மஞ்சளும் சிவப்பில்லை, சுண்ணாம்பும் சிவப்பில்லை,
தண்ணீரில் சேர்ந்தால் மட்டும் அந்த நிறம்.
எனக்கும் சுற்றி
லயத்து முனையில் ஊற்றினார்கள்.
வெயிலில் காய்ந்ததும் எங்கே என்று தெரியவில்லை.

அமிர்தலிங்கம் ஜொகூருக்கு லோரி ஓட்டப் போனார்.
வாரம் ஒரு போன்.
மாதம் ஒரு போன்.
பிறகு வீட்டில் எடை குறைந்தது.
போன வழியைக் காட்டிச் சிரிக்கவும்
ஆளில்லை.

தீபாவளிக்கு முன் ஒரு மூட்டை எடுத்து வந்து
பின்கட்டில் இரும்புத் தோங்கில் போட்டு
தள்ளி நின்று தண்ணீர் விட்டேன்.
விறகில்லாமல் கொதித்தது.
சீறிப் பிளந்து உதிர்ந்து
மறுநாள் தயிர்.
நீலம் ஒரு சிட்டிகை கலந்து
அறை முழுக்க நானே அடித்தேன்.

தோங்கில் மேலே தெளிந்த நீரைக் குவளையில் வடித்து
லோஷினி சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.
நாலாம் படிவம், நாளை சோதனை.
"பாரும்மா" என்று உறிஞ்சுகுழல் வைத்து ஊதினாள்.
தெளிவு கலங்கிப் பாலானது.
"என் மூச்சுதான். கல்லாயிடுச்சு.
சூளையில போனதும் இதேதான்.
சுவரும் காத்துல இருந்து இழுத்துக்கும், மெதுவா."

எழுந்து உட்கார்ந்தேன்.
நாற்பத்து நான்கா?
"அதே நாற்பத்து நான்குதான். கணக்கு சரியா வரும்."
யாருடையது?
"யாருதா இருந்தா என்னம்மா,
பக்கத்துல மூச்சு விட்டா போதும்."

அதற்குமேலும் ஊதிக்கொண்டிருந்தாள், விளையாட்டாக.
பால் மெல்லத் தெளிந்துவிட்டது.
"அதிகமா ஊதினா கரைஞ்சிடும்.
நம்ம மலைக்குள்ள குகை வந்தது இப்படித்தான்."
குவளையைக் கழுவப் போனாள்.

விளக்கணைத்த பிறகு
கட்டில் ஓரத்துச் சுவரைத் தொட்டேன்.
உள்ளங்கை வெள்ளையானது.
இன்னும் ஆகவில்லை.
திரும்பிப் படுத்தேன்,
முகம் சுவர்ப் பக்கமாக.